யாரும் கேட்காத வாய்ஸ்: முதலாண்டு ஆங்கில வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையிலிருந்து 2024 ஏப்ரல் வரை ஒரே வகுப்பில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பு பெரும்பாலும் என்னுடையது. சம்பந்தப்பட்ட மாணவர்களிடம் சொல்லிவிட்டே எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், துறை எதுவும் வராது. வாட்ஸ்அப் குரூப் வைத்து ஆங்கிலம் பேசப் பழக்கலாம் என்று நினைக்கும் ஆசிரியர்களுக்கு இது பயன்படலாம்.

பின்னணி

காவிரி டெல்டாவின் கடைமடைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி. நான் பகுதி இரண்டு ஆங்கிலம், அதாவது எல்லாத் துறைக்கும் பொதுவான ஆங்கிலப் பாடம், எடுக்கிறவன். இரண்டு துறைகளைச் சேர்த்து ஒரே வகுப்பில் 62 பேர். முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள், அப்பா அம்மா வயல் வேலை, இல்லையென்றால் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ யாராவது ஒருவர்.

இந்த செட் கொஞ்சம் தனி. 2023-இல் பிளஸ் டூ முடித்தவர்கள் என்றால், 2020-21 கொரோனா வருடத்தில் பத்தாம் வகுப்பு. அந்த வருடம் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோருக்கும் பாஸ் போட்டார்கள். பாடம் கல்வி டிவியிலும் போனிலும் நடந்தது. வாத்தியார் பிடிஎஃப் அனுப்புவார், பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை போட்டோ எடுத்து அனுப்புவார்கள், அதைத் திறந்து பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். போனில் படிப்பது என்றால் அனுப்பிவிட்டால் முடிந்தது என்ற பழக்கம் இவர்களுக்கு அப்போதே ஆகிவிட்டிருக்கிறது. எனக்கு இது உறைத்தது ரொம்பப் பின்னால்.

எழுதச் சொன்னால் எழுதுவார்கள். கட்டுரையை வரி மாறாமல் ஒப்பிப்பார்கள். "உங்க ஊர்ல இன்னைக்கு என்ன விசேஷம், இங்கிலீஷ்ல சொல்லு" என்றால் எழுந்து நிற்பார்கள், சிரிப்பார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். 62 பேர் இருக்கிற வகுப்பில் ஐம்பது நிமிடத்தில் தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதனால் பேச்சை வகுப்புக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். நினைப்பில் தப்பில்லை.

முதல் ஏற்பாடு: ஆகஸ்ட்

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு குரூப் தொடங்கினேன். விதி ஒன்றுதான்: தினமும் ராத்திரி பத்து மணிக்குள் ஆளுக்கு ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி வாய்ஸ் போட வேண்டும். என்ன தலைப்பும் இருக்கலாம், தப்பு வந்தால் பரவாயில்லை. வீடியோ கேட்காமல் வாய்ஸ் மட்டும் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு நிமிட வாய்ஸ் நூற்றைம்பது கேபிக்குள் அடங்கிவிடும், நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கை நாலு பேர் பங்கு போடும் வீட்டிலும் அது பாரமில்லை. முகம் தெரியாது என்பதால் கூச்சமும் குறையும் என்று எண்ணினேன்.

யாரிடம் சொந்த போன் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. பின்னால் விசாரித்ததில் 11 பேரிடம் கிடையாது, அதில் 9 பேர் பெண்கள். அண்ணன் போன் அல்லது அப்பா போன், அது வீட்டுக்கு வருவதே ராத்திரி எட்டரைக்கு மேல்.

முதல் வாரம் தினமும் ஐம்பதுக்கு மேல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன், முதல்வர்கூடப் பாராட்டினார். தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே குரூப்பைத் திறந்து, யார் யார் போட்டார்கள் என்று நோட்டில் டிக் அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து ஒரு லைக் போட்டுவிடுவேன். நாலைந்து பேருக்கு "குட்", "இம்ப்ரூவிங்" என்று எழுதுவேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 62 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், நாளுக்கு 62 நிமிடம். வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுத்து, பேப்பர் திருத்தி, வருகைப் பதிவேடும் பார்க்கிற ஒருவன் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து இதைக் கேட்கப்போகிறானா? இந்தப் பெருக்கலை நான் ஆகஸ்டில் போடவில்லை. முதல் நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் பாதி கேட்டேன். அப்புறம் எண்ணிக்கை மட்டும்தான்.

பம்ப்செட் வாய்ஸ்: செப்டம்பர்

செப்டம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. 40, 27, அப்புறம் 14. இன்டர்னல் பரீட்சை, விநாயகர் சதுர்த்தி லீவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் "சோம்பேறித்தனம்" என்று ஒரு பத்து நிமிடம் திட்டவும் செய்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. கடைசி பெஞ்சில் மட்டும் யாரோ சிரித்தார்கள்.

மாதக் கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாணவி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். சொந்த போன் இல்லாத ஒன்பது பெண்களில் ஒருவர்.

"சார், ஒண்ணு கேக்கவா? எங்க வாய்ஸெல்லாம் நீங்க கேப்பீங்களா சார்?"

"கேக்காம என்னம்மா?" என்றேன். பொய்.

"ஆறாந்தேதி நான் போட்டதுல என்ன சார் பேசினேன்?"

என் போனை எடுத்துத் தேடி அழுத்தினேன். 48 நொடி. ஆயில் இன்ஜின் சத்தம், டகடகடகவென்று. நடுவில் ஒரு காக்கா. ஒரு ஆள் தூரத்தில் "மடைய அடைச்சியா" என்று கத்துகிறார். வேறொன்றும் இல்லை. அதன் மேல் என் லைக் இருந்தது. அடியில் என் கையால் "இம்ப்ரூவிங்" என்று எழுதியிருந்தேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சக ஆசிரியர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார், அது அவருடைய மரியாதை.

அந்த மாணவி எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய ஆசிரியர்களுக்கு இது தெரியாது. குரூப்பில் நாம் போட்ட ஒரு வாய்ஸை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைப் பார்த்தால் இரண்டு பட்டியல் வரும். மெசேஜைப் பார்த்தவர்கள் யார் என்று ஒன்று, வாய்ஸை ஓடவிட்டவர்கள் யார் என்று இன்னொன்று. என் பெயர் முதல் பட்டியலில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. ப்ளூ டிக்கை அணைத்து வைத்தாலும் குரூப்பில் இது மறையாது. ஆகஸ்ட் கடைசியிலேயே அவருக்குச் சந்தேகம் வந்து, சோதித்துப் பார்க்கத்தான் இன்ஜின் சத்தத்தைப் போட்டிருக்கிறார். லைக் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் எண்ணிக்கை ஏன் விழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அந்த இன்ஜினுக்கும் ஒரு கதை இருந்தது. 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தும், கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் சரியாக வராமல், கடைமடைக் குறுவை காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. வாய்க்காலில் தேங்கிக் கிடந்த கொஞ்சத்தை இன்ஜின் வைத்து அவர் அப்பா வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்கு வரும்வரை போன் கிடைக்காது என்பதால் பிள்ளை வயலுக்கே போய், இன்ஜின் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, தினமும் ஆங்கிலம் பேசி அனுப்பியிருக்கிறார். ஒரு மாதம். முதல் சில நாள் போக, அதில் ஒன்றைக்கூட நான் முழுசாகக் கேட்கவில்லை.

என்ன முடிவு எடுத்தேன், ஏன்

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். "கேக்கல. கேக்க முடியாத ஏற்பாட்ட நான் போட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொல்லாமல் ஏற்பாட்டை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று ஒரு சீனியர் சொன்னார், கண்ட்ரோல் போய்விடுமாம். ஸ்கிரீன்ஷாட் வகுப்பு முழுக்கச் சுற்றிய பிறகு என்ன கண்ட்ரோல்?

பெரிய குரூப்பை மூடிவிட்டு ஐந்தாறு பேர் கொண்ட 11 சின்ன குரூப்பாகப் பிரித்தேன். தினமும் என்பதை வாரம் இரண்டு என்று குறைத்தேன். அப்படியானால் வாரம் 124 வாய்ஸ், சுமார் இரண்டு மணி நேரம், பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்தால் மூன்றரை. இது முடியும். லைக் போடுவதில்லை, "குட்" என்று எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்தேன். பதிலும் வாய்ஸில்தான். அந்தப் பதிலில் கேட்டவனால் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்க வேண்டும். "ஆடு எப்படித் தொலைந்தது?" "உன் அத்தை ஏன் கோபப்பட்டார்?" இந்த மாதிரி.

தப்பைத் திருத்துவதில் முதலில் சறுக்கினேன். ஒரு பையன் "மை ஃபாதர் கட்டட் த பண்ட்" என்று வரப்பை வெட்டிய கதையைச் சொன்னான். நான் பக்குவமாக, சரியான வடிவத்தை என் கேள்விக்குள் நுழைத்து, "ஓ, ஹி கட் த பண்ட்? ஒய்?" என்று அனுப்பினேன். அவன் பதில்: "எஸ் சார், ஹி கட்டட் த பண்ட், பிகாஸ் வாட்டர் நாட் கமிங்." நான் திருத்தியதே அவன் காதில் ஏறவில்லை. இது அவன் குறை இல்லை. மொழிக் கல்வி ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பார்த்து எழுதியதும் இதுதான்: ஆசிரியர்கள் பாதிக்கு மேல் இப்படிச் சொல்லாமல் சொல்லித்தான் திருத்துகிறார்கள், ஆனால் மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்துத் திருத்திக்கொள்வதும் அந்த முறையில்தான். எம்.ஃபில் காலத்தில் பரீட்சைக்குப் படித்து மறந்தது, வரப்பு வெட்டின கதையில் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாய்ஸுக்கு ஒரே ஒரு தப்பை மட்டும் எடுத்து, வெளிப்படையாகத் தமிழிலேயே சொன்னேன். "கட்டுக்கு இறந்தகாலமும் கட்டுதான்டா, இன்னொரு தடவ சொல்லு." மீதியை விட்டுவிட்டேன்.

வாய்ஸைக் காலையில் டவுன் பஸ்ஸில் இயர்போன் போட்டுக் கேட்கப் பார்த்தேன், ஐம்பது நிமிடப் பயணம், வீணாகப் போகிற நேரம். பஸ் இரைச்சலில் ஸ, ஃப ஒலிகள் காதுக்குப் பிடிபடாது. பிள்ளை சரியாகச் சொன்னதைத் தப்பென்று இரண்டு தடவை திருத்தி அனுப்பிவிட்டேன். அதோடு பஸ்ஸை விட்டேன்.

உச்சரிப்புக்குச் சில மாணவர்கள் அவர்களாகவே ஒரு வழி கண்டார்கள். போன் கீபோர்டில் மைக்கை அழுத்தி ஆங்கிலத்தில் பேசினால் எழுத்தாக வருமே, அதை வைத்துச் சரிபார்ப்பது. நம் ஆட்களுக்கு ஃப வருகிற இடத்தில் ப வரும், எ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு ய ஒட்டிக்கொள்ளும், "யெவ்ரி டே", "யெக்" என்று. வயலுக்கான "ஃபீல்ட்" என்ற சொல்லைத் தனியாகச் சொல்லிப் பார்த்தால் போன் அதை உரித்தது என்று பொருள்படும் "பீல்ட்" (peeled) என்று எழுதியது, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் அதையே முழு வாக்கியத்தில் சொன்னால் சரியாக எழுதிவிடும், ஏனென்றால் அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது. "சார், போன் புரிஞ்சுக்கிச்சு, நீங்க ஏன் தப்புங்கறீங்க" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். நல்ல கேள்வி. தனிச்சொல்லுக்கு மட்டும் மிஷினைக் கேள், வாக்கியத்துக்கு என்னைக் கேள் என்று சமரசம் ஆனது.

ஸ்னேக்ஸ்: நவம்பர்

சின்ன குரூப் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நவம்பரில் ஹாஸ்டலில் ஒன்று நடந்தது. ஒரு பையன் தன் வாய்ஸில் "ஈவினிங் ஐ ஏட் ஸ்னேக்ஸ்" என்று சொல்லியிருந்தான். சாயங்காலம் தின்பண்டம் தின்றதைத்தான் சொல்கிறான், எழுத்தைப் பார்த்துக் கற்ற சொல், யாரும் சொல்லிக் காதால் கேட்டதில்லை. குரூப்பில் இருந்த யாரோ அதை ஹாஸ்டல் குரூப்புக்குத் தள்ளிவிட, ஒரு ராத்திரிக்குள் அது இரண்டு பேருக்கு ரிங்டோன். அவன் பெயர் பாம்பு ஆகிவிட்டது. மெஸ்ஸில் சாப்பாடு வாங்க நின்றால் மகுடி ஊதுவார்களாம். ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

வகுப்பில் எழுந்து ஒரு தப்பு பேசினால் அன்றைக்குச் சிரிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். போனில் பேசினது அப்படியே கிடக்கும், யாரும் எடுத்து யாருக்கும் அனுப்பலாம். தப்பு வந்தால் பரவாயில்லை என்று ஆகஸ்டில் நான் தாராளமாகச் சொன்னபோது இதை யோசித்துச் சொல்லவில்லை.

யார் அனுப்பினார்கள் என்று நான் தோண்டவில்லை. இது சரியா என்று இன்றும் எனக்கு இரண்டு மனது. விசாரித்திருந்தால் ஹாஸ்டலில் அவனுக்கு இன்னும் கஷ்டம்தான் வந்திருக்கும் என்று அப்போது பட்டது. அவன் அறைக்குப் போய், நான் முதல் வருடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கூட்டத்தில் தப்பாக உச்சரித்து மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "சார், இனிமே உங்களுக்கு மட்டும் அனுப்பவா?" என்றான். சின்ன குரூப்புகளையும் அன்றோடு மூடினேன். இனி எல்லாமே நேராக எனக்குத் தனியாக.

டிசம்பரில் ஒரு வசதி வந்தது. போட்டோவை ஒரு தடவை மட்டும் பார்க்கிற மாதிரி அனுப்புவது முன்பே இருந்தது, அதை வாட்ஸ்அப் வாய்ஸுக்கும் கொடுத்தது. ஒரு தடவை கேட்டால் போய்விடும், யாருக்கும் அனுப்பவும் முடியாது. இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தப் பையன்தான். விருப்பப்பட்டவர்கள் அப்படி அனுப்பலாம் என்றேன். பாதிப் பேருக்கு மேல் அதற்கு மாறினார்கள், பேச்சும் நீண்டது, முப்பது நொடியில் முடிக்கிறவர்கள் ஒன்றரை நிமிடம் பேசினார்கள்.

அதன் பக்க விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே தடவைதான் கேட்க முடியும் என்றால் காபி குடித்துக்கொண்டு கேட்க முடியாது. கதவைச் சாத்தி, பேனாவை எடுத்து, குறிப்பு எடுத்துக்கொண்டே கேட்க வேண்டும், விட்டால் போச்சு. வேலைக்கு வந்து பதினாலு வருடத்தில் மாணவர்கள் பேசுவதை நான் அப்படிக் கேட்டதில்லை. நஷ்டமும் உண்டு: எதுவும் மிச்சமாகவில்லை. ஒரு பிள்ளை டிசம்பரில் எப்படிப் பேசினார், ஏப்ரலில் எப்படிப் பேசினார் என்று ஒப்பிட்டுக் காட்ட இன்று என்னிடம் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே முன்னேற்றம் இவ்வளவு என்று நான் எங்கும் எண் போட்டுச் சொல்லப்போவதில்லை.

ஓல்ட் ரைஸ்: ஜனவரி முதல் மார்ச் வரை

சம்பா அறுப்பு தொடங்கிய நேரத்தில் இன்னொரு சங்கடம் தலைகாட்டியது. நான் கேட்கிறேன் சரி, ஆனால் எனக்கு எல்லாம் தெரியும். நாற்று என்றால் தெரியும், தாளடி என்றால் தெரியும், டிபிசி-யில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், நெல்லை எடைபோட மூன்று நாள் காத்துக் கிடப்பதும், ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் மூட்டையைத் திருப்புவதும் தெரியும். ஆங்கிலம் வராத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தாண்டிவிடுவார்கள், நானும் தலையாட்டுவேன். விளக்க வேண்டிய கட்டாயமே அவர்களுக்கு வரவில்லை.

என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஒடிசாவில் மகாநதி டெல்டாவில் ஆங்கிலம் எடுக்கிறார். அங்கேயும் நெல், அங்கேயும் புயல். இரண்டு பக்கமும் விருப்பப்பட்ட இருபது இருபது பேரை எடுத்து, வாரம் ஒரு வாய்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசினோம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு ஒடியா தெரியாது, ஆங்கிலத்தை விட்டால் வழியில்லை.

உடனே பெற்றோர் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. பெண் பிள்ளையின் நம்பர், அதுவும் அப்பாவின் நம்பர், முன்பின் தெரியாத ஊர்ப் பையன்களுக்கா? நியாயமான கேள்வி, நான்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நம்பர் எதுவும் போகாது, பிள்ளைகள் எனக்கு அனுப்புவார்கள், நான் நண்பருக்கு அனுப்புவேன், அவர் அங்கே கொடுப்பார் என்று முடிவானது. தபால்காரன் வேலை. ஒரு தடவை மட்டும் கேட்கிற வாய்ஸை இதற்குப் பயன்படுத்த முடியாது, அதை மாற்றி அனுப்ப முடியாதே. சாதா வாய்ஸ்தான். பாம்பு என்று பெயர் வாங்கிய பையன் இதற்கு வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

முதல் இரண்டு வாரம் சப்பென்று இருந்தது. மை நேம் இஸ், ஐயாம் ஸ்டடியிங், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அங்கிருந்து ஒரு பெண், வயல் வேலைக்குப் போகும்போது காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார். இன்ஜின் சத்தம் அனுப்பிய நம் மாணவி பதில் போட்டார்: "வீ ஈட் ஓல்ட் ரைஸ்."

அங்கே அதைப் பழைய அரிசி என்று புரிந்துகொண்டார்கள், அறுத்து ஒரு வருடம் கிடப்பில் போட்ட அரிசி. "எங்கள் வீட்டிலும் அதுதான் விலை அதிகம், நீங்கள் வசதியானவர்களா?" என்று பதில் வந்தது. நம் பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டாவது தடவை, "நோ நோ, நைட் ரைஸ்" என்றார். அது என்ன ரகம் என்று கேட்டார்கள். மூன்றாவது தடவை என் அறைக்கு வந்து, நான் சொல்லித்தருவேன் என்று எதிர்பார்த்து நின்றார். நான் சொல்லவில்லை. கொஞ்சம் முறைத்துவிட்டு, அங்கேயே ஜன்னல் ஓரம் போய் நின்று பேசினார்: "நைட் வீ குக் ரைஸ். சம் ரைஸ் இஸ் பேலன்ஸ். வீ புட் வாட்டர் அண்ட் குளோஸ். மார்னிங் இட் இஸ் லிட்டில் சவர். வித் ஸ்மால் ஆனியன் வீ ஈட், பாடி பிகம் கூல்."

மறுநாள் வந்த பதிலில் முதலில் ஒரே கூச்சல், நாலைந்து பேர் சேர்ந்து "பகாலா! பகாலா!" என்று. அவர்கள் ஊரிலும் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த சோறு உண்டு, பகாலா என்று பெயர். அதற்கு அப்புறம் இரண்டு வாரம் தொட்டுக்கொள்ள என்ன என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மோர் மிளகாய் வற்றலை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பையன் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டான், கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

உச்சரிப்பிலும் நான் ஆறு மாதமாகத் திருத்திக் கிழிக்காதது நடந்தது. அவர்களுக்கு வ வருகிற இடத்தில் ப-வின் சாயல் வரும், "பில்லேஜ்" என்பார்கள். நம்மவர்களுக்கு ஃப வராது, "பீல்ட்" என்பார்கள். இருவருக்குமே மற்றவர் சொல்வது பிடிபடாமல், திரும்பக் கேட்டு, வேறு சொல்லில் சொல்லி, மெதுவாகச் சொல்லி, கடைசியில் புரிந்துகொள்வார்கள். மடைக்கு ஆங்கிலம் தெரியாமல் ஒருவன் "வாட்டர் டோர்" என்றான், அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. சொல் தெரியாவிட்டாலும் தாண்டிப் போகலாம் என்று அவனுக்குத் தெரிந்ததே போதும், நான் சரியான சொல்லை அடுத்த வாரம்தான் சொன்னேன்.

என்ன ஆனது

62 பேரில் 47 பேர் ஏப்ரல் வரை வாரம் ஒன்றாவது அனுப்பினார்கள். 6 பேர் விட்டுவிட்டு அனுப்பினார்கள். 9 பேர் அக்டோபருக்குப் பிறகு எதுவுமே அனுப்பவில்லை, அதில் 4 பேர் சொந்த போன் இல்லாதவர்கள். செமஸ்டர் மதிப்பெண்ணில் சொல்லும்படி மாற்றமில்லை. அது எழுத்துத் தேர்வு, பேசுவதற்கு அதில் இடமே கிடையாது, இதைக் காட்டி "இவ்வளவு பாடு எதுக்கு சார்" என்று கேட்ட சக ஆசிரியரிடம் எனக்குப் பதிலும் இல்லை.

ஏப்ரலில் வகுப்பில் எழுந்து பேசச் சொன்னபோது பழையபடி சிரித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள்தான், ஆனால் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தாளைப் பார்க்காமல் ஒரு நிமிடம் தாண்டினார்கள். ஸ்னேக்ஸ் பையன் எழுந்து பேசவில்லை. எனக்குத் தனியாக மட்டும் வாரம் இரண்டு அனுப்பிக்கொண்டிருந்தான், கடைசியாக அனுப்பியது மெஸ் சாப்பாட்டைப் பற்றி, நடுவில் அந்தச் சொல்லை வேண்டுமென்றே இரண்டு தடவை சரியாகச் சொல்லியிருந்தான். அந்த மாணவியின் வீட்டில் குறுவை போய்விட்டது. தம்பி போனை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனதில் பிப்ரவரியில் மூன்று வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை, அப்புறம் தோழியின் போனிலிருந்து தொடர்ந்தார்.

மறுபடி செய்தால்

முதல் வேலையாகப் பெருக்கலைப் போடுவேன். எனக்கு வாரம் எத்தனை மணி நேரம் கேட்க முடியுமோ அதற்கு எத்தனை வாய்ஸ் தாங்குமோ அவ்வளவுதான் கேட்பேன், வாரத்துக்கு ஒன்று என்றாலும் சரி. போன் யாரிடம், எத்தனை மணிக்குக் கையில் இருக்கும் என்பதை முதல் வகுப்பிலேயே எழுதி வாங்குவேன், இல்லாதவர்களுக்கு மதியம் ஸ்டாஃப் ரூமில் என் போனைக் கொடுத்துப் பேசச் சொல்வேன். அக்டோபரோடு நிறுத்திய அந்த 9 பேரில் பாதிப் பேரையாவது இதில் பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எல்லோரும் கேட்கிற குரூப் கிடையாது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு வாய்ஸை மட்டும் மாணவர்களே தங்களிடம் பத்திரப்படுத்தச் சொல்வேன், ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கே. பெற்றோரிடம் ஒடிசா விஷயத்தை முன்கூட்டியே நேரில் பேசிவிடுவேன், ஜனவரிக்குக் காத்திருக்காமல் செப்டம்பரிலேயே தொடங்குவேன். தபால்காரன் வேலையைத்தான் எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. நாற்பது பேர் வாய்ஸைத் தள்ளி அனுப்புவதற்கே ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடுகிறது.

இந்த வருடம் வகுப்பில் 70 பேர். இன்னொரு ஆசிரியரைச் சேர்த்துக்கொடுங்கள், கேட்க ஆள் போதாது என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அதுவரை 35 பேருக்கு ஒரு வாரம், மீதி 35 பேருக்கு மறுவாரம்.